எந்தப் பெட்டியில் என்ன இருக்கு? - மணலி கன்டெய்னர் யார்டில் ஒரு நாள்!

"ஆரஞ்சு லைட் எரியுது. நாளைக்குக் காலையில டிஸ்க் மாத்தப்போறேன். பார்க்கணும்னு சொன்னியே, வர்றியா?"

வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ். பெரியப்பா மகன். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர், கேமரா, சர்வர் எல்லாவற்றையும் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். ஒப்பந்த வேலைதான். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தலைப்பு மாற்றிக்கொண்டிருக்கும் எனக்கு, சனிக்கிழமை லீவில் ஊர் சுற்ற ஒரு சாக்கு போதும். அந்த ஊர் மணலியாக இருக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோவை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். சென்னையில் பல இடங்களில் வழி தெரியவில்லை என்றால் மேப் பார்ப்போம். மணலிக்கு அது வேண்டாம். டிரெய்லர் லாரிகள் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கம் போனால் போதும். பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலத்தில் ஆட்டோ நின்றது. முன்னால் நாற்பதடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லர், பின்னால் இருபதடிப் பெட்டி இரண்டு ஏற்றிய இன்னொன்று. கீழே தண்ணீர் நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத கறுப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரம் வரை போய், மீனவர்களின் படகிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டது இந்தக் கால்வாய் வழியாகத்தான்.

"வெள்ளத்தப்போ இங்க ரோடு எது, கால்வாய் எதுன்னே தெர்ல" என்றார் ஆட்டோக்காரர், நான் கேட்காமலே.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டியதும் வாசனை மாறுகிறது. இரும்புத் துரு வாசனை போய், கேஸ் சிலிண்டர் லேசாகக் கசிந்தால் வருமே, அப்படி ஒன்று. தூரத்தில் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய் முனையில் தீ ஆடிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியிலிருந்து இதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். ஆலையில் மிஞ்சுகிற வாயுவை அப்படியே வெளியே விட்டால் ஆபத்து என்பதால் மேலே கொண்டுபோய் எரிக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த ஊருக்கு இன்னொரு முகம் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 18-ம் நூற்றாண்டில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற பெரிய துபாஷி இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு தொழில் செய்தவர். சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர்களில் ஒருவர். அவரும் அவர் மகனும் அழைத்ததால், ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கே வந்து தங்கினார். அவர் மகன் முத்துசுவாமி தீட்சிதரின் இளமைக் காலம் இங்கேதான் கழிந்தது. கோட்டையில் வாசித்த ஆங்கிலேயர் பேண்டு வாத்தியம் அவர் காதில் விழுந்தது அப்போதுதான். இன்று அதே ஊரில் பேண்டு வாத்தியத்துக்குப் பதில் டிரெய்லர் ஹாரன். 1969-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் இயங்க ஆரம்பித்தது. 1971-ல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. 'எம்.எஃப்.எல்' என்பது பஸ் ஸ்டாப் பெயராகவே ஆகிவிட்டது. 2011-ல் மணலி சென்னை மாநகராட்சிக்குள் வந்தது.

யார்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். கையில் டீ, காதில் புளூடூத், முகத்தில் தூக்கமில்லை.

"வாம்மா. முதல்ல யார்டை ஒரு சுத்து சுத்திக் காமிக்கிறேன். அப்புறம் சர்வர். இதைப் பார்த்தாதான் அது புரியும்."

துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளை அங்கேயே வைத்துப் பிரிக்க இடம் போதாது. அதனால் இந்த மாதிரி யார்டுகளுக்குக் கொண்டுவந்து, சுங்கத்துறை பார்த்து, வரி கட்டியதும் உரியவரிடம் ஒப்படைக்கிறார்கள். சி.எஃப்.எஸ். என்று சொல்வார்கள். மணலியைச் சுற்றியும் பொன்னேரி நெடுஞ்சாலையிலும் இப்படிப் பல உண்டு. உள்ளே போனால் அடுக்குமாடி வீடுகள் போல நீலம், சிவப்பு, துருப்பிடித்த பழுப்பு. ரீச் ஸ்டாக்கர் என்ற ராட்சத வண்டி, தீப்பெட்டியை எடுப்பது போலப் பெட்டியைத் தூக்கி, வேறோர் அடுக்கின் மேல் வைக்கிறது.

"நேத்து சாயங்காலம் அந்தச் சிவப்புப் பெட்டி மூணாவது வரிசையில கீழே இருந்துச்சு. இப்ப ஏழாவது வரிசையில மேலே இருக்கு. 'மூணாவது வரிசையில கீழே இருக்குற பெட்டியை எடுத்துட்டு வா'ன்னு நேத்து எழுதி வெச்ச சீட்டை இன்னிக்கு டிரைவர்கிட்ட குடுத்தா என்ன ஆகும்?"

"வேற யாரோட பெட்டியையாவது ஏத்திட்டுப் போயிடுவார்."

"அதான். அதனால நாங்க இடத்தை நம்ப மாட்டோம். நம்பரைத்தான் நம்புவோம்."

ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், பிறகு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். முதல் மூன்று எழுத்து பெட்டியின் சொந்தக்காரர். அதை உலகம் முழுமைக்கும் பதிவு செய்து கொடுப்பது, 1933-ல் தொடங்கப்பட்ட பாரிஸ் நகரத்து கன்டெய்னர் பதிவு நிறுவனம். நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யு'. சரக்குப் பெட்டி என்று அர்த்தம். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம்தான் எனக்குப் பிடித்தது. அது பெட்டியின் எண் இல்லை. முன்னால் இருக்கும் எண் சரியா என்று பார்க்கும் காவல்காரன்!

அண்ணன் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித்தரும் உதாரணமாம். சி.எஸ்.க்யூ.யு. 305438. எழுத்துகளுக்கு 13, 30, 28, 32 என்று மதிப்பு. பிறகு இடமிருந்து வலமாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஆக, கட்டத்துக்குள் 3 இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். போனில் கால்குலேட்டர் எடுத்துச் சரிபார்த்தேன். 3 வந்தது. ஸ்கூலில் மீதி கண்டுபிடிக்கும் கணக்கு எதற்கு என்று கேட்ட என் பத்தாம் வகுப்பு நானுக்குப் பதில் மணலியில் கிடைத்தது.

எண் எவ்வளவு முக்கியம் என்று இந்த ஊருக்கு 2020 ஆகஸ்டில் நன்றாகவே தெரிந்தது. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த செய்தி வந்ததும், மணலி அருகே ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015-லிருந்து கிடக்கும் 37 பெட்டிகளைப் பற்றி எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். சுங்கத்துறை பறிமுதல் செய்த 740 டன் அம்மோனியம் நைட்ரேட். பட்டியலில் எண் இருந்தது, பெட்டியும் இருந்தது. சில நாள்களில் ஏலம் விட்டு, லாரிகளில் ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

"அந்த வாரம் எங்க அம்மா தினமும் போன் பண்ணி, 'உங்க யார்டுல இல்லையே'ன்னு கேட்டாங்க" என்று சிரித்தார் அண்ணன்.

சர்வர் அறை என்றதும் சினிமாவில் வரும் நீல வெளிச்சம், வரிசை வரிசையாக அலமாரிகள் என்று கற்பனை செய்திருந்தேன். கணக்குப் பிரிவுக்குப் பின்னால், பழைய ஃபைல்களுக்கு நடுவே, கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. ஏ.சி. இரைச்சல். ஊதுபத்தி வாசனை (ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் சர்வர் நெற்றியில் இருக்கிறது). முழங்கால் உயரத்தில் அலமாரிக்குள் படுத்திருந்தது அந்தப் பெட்டி. முகப்பில் நான்கு டிராயர் மாதிரி டிரேக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்டு டிஸ்க். பக்கத்தில் ஒரே ஒரு ஆரஞ்சு விளக்கு.

"இது என்ன சொல்லுதுன்னா, 'எனக்கு உடம்பு சரியில்லை'ன்னு. எங்கே வலிக்குதுன்னு சொல்லாது. பழைய சர்வர். டிரேல இருக்குற எச்சரிக்கை லைட் வேலை செய்யறதில்ல. பச்சை லைட் மட்டும்தான்."

நான்கு டிஸ்க்கும் நாலு டெராபைட். மொத்தம் பதினாறு என்று நினைக்க வேண்டாம். பயன்படுத்தக் கிடைப்பது பன்னிரண்டுதான். ஒரு டிஸ்க் அளவு இடத்தை, மற்ற மூன்றில் எது போனாலும் கணக்குப் போட்டு மீட்கும் தகவலுக்காக ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தத் தகவல் நான்கு டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும். இதற்குப் பெயர் ரெய்டு 5. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர். ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும். இரண்டாவது போனால் எல்லாமே போச்சு.

"இப்ப ஒண்ணு செத்துருச்சு. மிச்சம் மூணு உயிரோட இருக்கு. நான் தப்பான டிரேயை இழுத்துட்டா, இரண்டு போன மாதிரி."

அண்ணன் இதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

இவருக்கு முன் இங்கே வேலை பார்த்தவர் நல்ல திறமைசாலி. இதேபோல ஒரு டிஸ்க் போனது. சர்வரில் லினக்ஸ். அது டிஸ்க்குகளுக்கு எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி., எஸ்.டி.டி. என்று பெயர் வைக்கும். அவர் எப்போதோ ஒரு தாளில் 'எஸ்.டி.சி. - மூன்றாவது டிரே' என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். கம்ப்யூட்டர், எஸ்.டி.சி. போய்விட்டது என்றது. தாளைப் பார்த்து மூன்றாவது டிரேயை இழுத்தார்.

நடுவில் ஒருநாள் கரன்ட் போய், சர்வர் அணைந்து, மறுபடி எழுந்திருந்தது. அங்கேதான் சிக்கல். அந்தப் பெயர்கள் டிஸ்க்குக்குப் பிறவியிலேயே வைத்தவை இல்லை. கிளாஸ் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது, யார் முதலில் கை தூக்குகிறார்களோ அவர்களுக்கு 'ஏ' என்று பெயர் கொடுப்பது மாதிரி. ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் கை தூக்கும் வரிசை மாறலாம். அன்றைக்கு மாறியிருந்தது. மூன்றாவது டிரேயில் இருந்தது உயிருள்ள டிஸ்க்.

"அப்பக்கூட காப்பாத்தியிருக்கலாம். நிதானமா திரும்ப சொருகி, பழைய அமைப்பையே எழுப்பியிருந்தா வந்திருக்கும். பதட்டத்துல புதுசா அமைக்கிற கட்டளையைக் குடுத்துட்டார். அதுல வரிசையும் தப்பு. மேலேயே எழுதிடுச்சு."

பேக்கப் எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எந்தப் பெட்டி எந்த வரிசையில், எது உள்ளே வந்தது, எது வெளியே போனது - எல்லாம் அந்த நான்கு டிஸ்க்கில். அன்று இரவு வாசலில் அறுபது எழுபது டிரெய்லர் நின்றன. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். கையில் டார்ச் வைத்துக்கொண்டு அடுக்கு அடுக்காகப் பெட்டி எண்ணை எழுதி, காகிதத்தில் பட்டியல் போட்டு முடிக்க ஐந்து நாள். அந்த மனிதரை ஆறாவது நாள் வரச் சொல்லவில்லை.

"இப்ப என்ன பண்றார்?"

"மாதவரத்துல ஜெராக்ஸ் கடை. எப்பவாவது போவேன். டீ வாங்கிக் கொடுப்பார். சர்வர் பத்தி மட்டும் பேச மாட்டார்."

அதனால்தான் அண்ணன் இரவு முழுக்கத் தூங்கவில்லை. முதல் வேலையாக, மூன்று டிஸ்க்கும் உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டார். காலை ஐந்தரைக்குத்தான் முடிந்ததாம்.

இனி, செத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கன்டெய்னர் போலவே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஆலையிலேயே வைத்த எண் உண்டு. சீரியல் நம்பர். அதோடு, டபிள்யூ.டபிள்யூ.என். என்று பதினாறு இடங்களில் எழுதப்படும் இன்னோர் எண்ணும் உண்டு. இதிலும் பெட்டியைப் போலவே முதலில் சொந்தக்காரர் குறி. அதை வழங்குவது ஐ.இ.இ.இ. என்ற உலகப் பொறியாளர் அமைப்பு. சீகேட் டிஸ்க் என்றால் 000சி50 என்ற குறி உள்ளே இருக்கும். டிரே மாறட்டும், கேபிள் மாறட்டும், சர்வரே மாறட்டும். இந்த எண் மாறாது. லினக்ஸில் இந்த எண்களை வைத்தே டிஸ்க்கை அழைக்க 'பை-ஐடி' என்று தனியாக ஓர் அடைவும் இருக்கிறது. அந்தத் தாளில் எஸ்.டி.சி. என்பதற்குப் பதில் சீரியல் நம்பர் இருந்திருந்தால், ஜெராக்ஸ் கடை திறந்திருக்க வேண்டியதில்லை.

அண்ணன் கட்டளை அடித்தார். 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்பது டிஸ்க்குகளை வரிசையாகக் காட்டும். கேட்டால் மாடல், சீரியல் நம்பரோடு. நான்கு வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தன. செத்த டிஸ்க் தன் பெயரைச் சொல்லும் நிலையில்கூட இல்லை.

"இப்ப எப்படி?"

"பேசுறவங்க மூணு பேர் யாருன்னு எழுதிக்கோ. பேசாதவன் யாருன்னு தெரிஞ்சிடும்."

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை முறையாக அணைத்து, ஒவ்வொரு டிஸ்க்காக வெளியே எடுத்து, பக்கத்தில் சாக்பீஸால் டிரே எண்ணை எழுதி, லேபிளைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். நான்கு போட்டோ. ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று அண்ணி போனில், ஒன்று பிரின்ட் போட்டு அலமாரிக்குள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். "உனக்கு அனுப்பியிருக்கேனே, பார்க்கலையா?" என்றார். தேடினேன். குட்மார்னிங் படங்களுக்கு நடுவே இருந்தது. அண்ணனிடமிருந்து வரும் படங்களை இனிமேல் திறந்து பார்ப்பேன்.

அடுத்து 'ஸ்மார்ட்சிடிஎல்'. டிஸ்க்கின் ஜாதகமே வரும். மாடல், சீரியல் நம்பர், உள்ளே இருக்கும் மென்பொருள் பதிப்பு, கொள்ளளவு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று. இது 7,200 சுற்று. அதாவது ஒரு நொடிக்கு 120. அவ்வளவு வேகமாகச் சுற்றும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் இரண்டடி விட்டத்தில் ஐம்பது தட்டுகள் இருந்தன. கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள்தான். அந்தக் காலத்தில் டிரேயை மாற்றி இழுக்கும் கவலை இருந்திருக்காது, கிரேன் வேண்டும்.

ஜாதகத்தில் ஆயுள் கணக்கும் உண்டு. உயிரோடு இருக்கும் ஒரு டிஸ்க் 41,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்று வகுத்தால் நாலரை வருடத்துக்கு மேல். இதில் இரண்டு வரிகளைத்தான் அண்ணன் முதலில் பார்க்கிறார். கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை. படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் எத்தனை. பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த அறுபது நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்றார்கள். அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போயின என்றும் இருக்கிறது. சில பேர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் போய்விடுவது மாதிரி.

மணலிக் காற்று இதற்குக் காரணமாக இருக்குமா என்று கேட்டேன். கடல் காற்றின் உப்பு, ஆலைகளின் கந்தகம். "ஏ.சி.யில ஜன்னல் திறந்து வெச்சா மூணு மாசத்துல செம்பு கறுத்துடும்" என்றார். வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் டிஸ்க்குகளுக்குப் பெரிய எதிரி என்று, மைக்ரோசாஃப்ட் தரவு மையங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. கெடுவது பெரும்பாலும் சுழலும் தட்டு இல்லை; அதனோடு ஒட்டியிருக்கும் மின்பலகையும் இணைப்பும். கொடியில் காயப்போட்ட துணி சாயங்காலம் வரை பிசுபிசுக்கும் ஊரில், அந்த அறையின் ஏ.சி.க்கு ஓய்வே கிடையாது.

மூன்று சீரியல் நம்பரையும் நான் சத்தமாகப் படித்தேன். அண்ணன் போட்டோக்களில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். டிரே 0, சரி. டிரே 3, சரி. (டிரேக்களை ஒன்றிலிருந்து இல்லை, பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள். "மூணாவது" என்று வாயால் சொன்னால் 2-ஆ, 3-ஆ என்று சண்டை வரும். அதனால் இங்கே யாரும் 'மூணாவது' என்று சொல்லக் கூடாது. டிரேயில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.) மூன்றாவது நம்பரில் வந்தது வினை.

"கடைசியில எட்டு, கே."

"எட்டா? இங்க பி மாதிரி இருக்கே."

போட்டோவைப் பெரிதாக்கினோம். எட்டுதானா, பி-யா? லேபிளில் பொடி எழுத்து, ஓரத்தில் சாக்பீஸ் தூள். டிரே 1-க்கும் டிரே 2-க்கும் உள்ள டிஸ்க்குகள் ஒரே பெட்டியில் வந்தவை. எண்களில் கடைசி இரண்டு மூன்று எழுத்துதான் வித்தியாசம். கன்டெய்னரில் இருக்கும் காவல்கார இலக்கம் இந்த சீரியல் நம்பரில் கிடையாது. தப்பாகப் படித்தால் தட்டிக்கேட்க ஆளில்லை.

கண் பிசுக்கினாலும் கேமரா பிசுக்காது. லேபிளில் எழுத்துக்குக் கீழே பார்கோடு இருந்தது. அண்ணன் போனில் இருந்த போட்டோவை என் போனால் ஸ்கேன் செய்தோம். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை பீப். எட்டு. அது டிரே 1. ஆக, பேசாதவன் டிரே 2-இல் இருக்கிறான்.

நான் கையை நீட்டிவிட்டேன். "இரு இரு" என்றார் அண்ணன். "போட்டோ எடுத்த அப்புறம் யாராவது மாத்தி சொருகியிருந்தா? ஒரு சாட்சி போதாது."

இரண்டாவது சாட்சி எளிமையானது. உயிருள்ள டிஸ்க் ஒன்றை மட்டும் தொடர்ந்து படிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். படிக்க மட்டும்தான், எழுத இல்லை. டிரே 0-வின் பச்சை விளக்கு விடாமல் துடித்தது. நிறுத்தினார். அடுத்தது, டிரே 1 துடித்தது. அடுத்தது, டிரே 3. டிரே 2 மட்டும் கடைசி வரை இருட்டு. புதிய சர்வர்களில் இவ்வளவு பாடு இல்லை. 'லெட்சிடிஎல்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் குறிப்பிட்ட டிஸ்க்கின் விளக்கு தானே கண் சிமிட்டும். வன்பொருள் ரெய்டு அட்டை இருந்தால் கதை வேறு. லினக்ஸுக்கு உள்ளே இருக்கும் டிஸ்க்குகளே தெரியாது, மொத்தமும் ஒரே டிஸ்க்காகத் தெரியும். அந்த அட்டைக்கான தனி மென்பொருளிடம்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பவர்ஷெல் திறந்து 'கெட்-ஃபிசிக்கல்டிஸ்க்' என்று அடித்துப் பாருங்கள். உங்கள் டிஸ்க்கின் பெயர், சீரியல் நம்பர், ஹார்டு டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்பது வரும். அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது அதே டிஸ்க்தான் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க உதவும்.

ஒன்பது ஐம்பதுக்கு அண்ணன் சர்வரின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, டிரே 2-இன் கொக்கியை அழுத்தினார். பாதி இழுத்து நிறுத்தினார். கண் திரையில். மூன்று டிஸ்க்கும் இருக்கின்றன. முழுதாக இழுத்தார். இன்னும் இருக்கின்றன. வெளியே வந்த டிஸ்க்கின் லேபிளை ஸ்கேன் செய்தேன். பேசாதவனேதான். அண்ணன் அப்போதுதான் மூச்சு விட்டார். எனக்கும் உள்ளங்கை வியர்த்திருந்தது, அந்த ஏ.சி.யில்.

புது டிஸ்க்கைச் சொருகும் முன் அதற்கும் ஜாதகம் பார்த்தார். புதிது என்றால் ஓடிய நேரம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதையும் இப்போது முழுசாக நம்ப முடியாது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெடித்த செய்தி: பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள், கணக்கு அழிக்கப்பட்டு, புதியவை என்று சந்தையில் விற்கப்பட்டிருந்தன. ஸ்மார்ட் கணக்கை அழித்தவர்கள், அந்த டிஸ்க்குகளுக்குள் 'ஃபார்ம்' என்ற பெயரில் இருக்கும் இன்னொரு பதிவேட்டை மறந்துவிட்டார்கள். அதில் உண்மை அப்படியே இருந்தது. அண்ணன் இரண்டையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, உத்தரவாதம் எதுவரை என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு சாக்பீஸால் '2' எழுதி, போட்டோ.

மூன்று டிஸ்க்கிலிருந்து கணக்குப் போட்டு நான்காவதை நிரப்பும் வேலை ஆரம்பித்தது. நாலு டெராபைட். ஒன்பது மணி நேரம் ஆகும் என்றது திரை. இந்த ஒன்பது மணி நேரம்தான் ஆபத்து. மற்ற மூன்றில் ஒன்று மயங்கினாலும் முடிந்தது.

சாப்பிட்டுவிட்டு அண்ணன் வண்டியில் மணலி புதுநகர் பக்கம் ஒரு நடை போய் வந்தோம். அய்யா வைகுண்ட தர்மபதியின் கோபுரம், பெரிய சாலைகள், மதிய வெயிலில் அமைதியாக இருந்தது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் பெருக்கெடுத்து இந்தத் தெருக்களில் நின்றது. மறுபடி 2023-ல். ஒரு வீட்டுச் சுவரில் பெயின்ட் இரண்டு நிறமாக இருக்கிறது. என் இடுப்புக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. "சர்வரை முழங்கால் உயரத்துல வெச்சிருக்கீங்களே?" என்றேன். "மேல் மாடிக்கு மாத்தச் சொல்லி மூணு லெட்டர் எழுதிட்டேன்" என்றார். 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறியது. மணலியில் ஒரு அலமாரி மூழ்கினால் விலை ஏறாது. டிரைவர்கள்தான் வண்டிக்கு அடியில் படுப்பார்கள்.

திரும்பி வந்தபோது செத்த டிஸ்க் மேஜையில் கிடந்தது. அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். காயலான் கடைக்குப் போட்டால் எடைக்கு ஏதோ கிடைக்கும். ஆனால் 2003-ல் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கார்ஃபிங்கல், ஷெலாட். பழைய டிஸ்க்குகள் 158 வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அதில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள்! 2009-ல் கனடா இதழியல் மாணவர்கள் கானா நாட்டுச் சந்தையில் நாற்பது டாலருக்கு வாங்கிய ஒரு டிஸ்க்கில் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் ஒப்பந்த ஆவணங்கள் இருந்தன. இதழியல் படிக்கும்போது இந்தக் கதையைக் கேட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாங்களும் ஒரு பழைய டிஸ்க் வாங்கினோம். அதில் இருந்தது ஒரு கல்யாண வீடியோ. பாதி பார்த்துவிட்டு, சங்கடமாகி, அழித்துவிட்டோம்.

அண்ணன் டிஸ்க்கின் சீரியல் நம்பரை நோட்டில் எழுதி, தேதி போட்டு, 'டிரே 2-லிருந்து வெளியே' என்று குறித்தார். பிறகு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டாவது சாட்சி நான்தானாம். டிரில்லிங் மெஷினால் தட்டுகளில் நான்கு ஓட்டை போட்ட பிறகு, அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போகும். அதுவரை பூட்டிய டிராயரில்.

ஐந்தரைக்கு நான் கிளம்பும்போது திரையில் 82 சதவிகிதம். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரெய்லர் டிரைவர், கையில் சீட்டோடு எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிப் பேச்சு.

"சார், எம் பொட்டி எங்க கெடக்குன்னு பாத்துச் சொல்லுதியளா? ராத்திரிக்குள்ள கெளம்பணும்."

அண்ணன் சீட்டை வாங்கி, நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் ஒன்று என்று வாய்விட்டுப் படித்தபடி அடித்தார். ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரை சொன்னது.

"பதினோராவது வரிசை, கீழ இருந்து ரெண்டு. போயி கதவுல நம்பரைப் பார்த்துட்டு ஏத்துங்க, அண்ணாச்சி."